பெஞ்சில் ஆடிய கால்

பஸர் அடிக்கவில்லை என்று ஃபிட்டர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கடவுளே முன்னால் நின்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். சுவரோரம் வயர்மேன். உட்காரச் சொல்லியும் அவன் உட்காரவில்லை. கம்ப்ரஸர் ஹவுஸில் இருக்கிற விளக்கு, ஸ்விட்ச், பஸர் எல்லாம் அவன் பொறுப்பு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் மேனேஜர். "மெஷின் கிளம்பறதுக்கு முன்னாடி பஸர் அடிச்சுதா, இல்லையா?"

"அடிக்கல சார். அடிச்சிருந்தா கையை எடுத்திருக்க மாட்டேனா? எனக்குக் கை வேண்டாம்னு ஏதாவது வேண்டுதலா?"

"அண்ணே, ஷிஃப்ட் ஏறினதும் நான் அழுத்திப் பாத்தேன், அடிச்சுது," என்றான் வயர்மேன். "இப்பவும் போய் அழுத்திப் பாருங்க. அடிக்கும்."

"இப்ப அடிக்கும் தம்பி. அன்னிக்கு அடிக்கல. என் மச்சினன் ஆஸ்பத்திரியில கிடக்கறான். நான் இங்க உக்காந்து கதையா விடறேன்?"

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று வயர்மேனிடம் சொன்னார்கள். அப்படிச் சொல்லி வெளியே அனுப்பப்பட்ட யாரும் அந்தத் தொழிற்சாலைக்குள் மறுபடி வந்ததில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கம்ப்ரஸர் ஹவுஸுக்குள் நுழைகிறவன் அந்த இரைச்சலை முதலில் காதால் கேட்பதில்லை, நெஞ்சால் கேட்பான். விலா எலும்பு அதிரும். கடைவாய்ப் பல் கூசும். ஆலை முழுவதுக்கும் காற்றை அழுத்தி அனுப்புகிற மெஷின்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒன்று மட்டும் சும்மா நிற்கும். குழாயில் அழுத்தம் குறைந்தால் அது யாரும் தொடாமல் தானாகவே கிளம்பும். கிளம்புவதற்குச் சற்று முன்னால் பஸர் அடிக்கும். இந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும் என்பதற்காக ஊசி போன்ற மெல்லிய, கூர்மையான சத்தத்தை அதற்கு வைத்திருந்தார்கள்.

மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டுப் போட்ட பிறகுதான் எந்த மெஷினிலும் கை வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கும். ஆனால் ஒரு போல்ட்டை இறுக்க, பெல்ட்டை அமுக்கிப் பார்க்க, அதற்கெல்லாம் யாரும் ஸ்விட்சை இறக்குவதில்லை. இறக்கினால் பேனல் ரூமிலிருந்து ஆள் வரும், ஏன் எதற்கு என்று நூறு கேள்வி வரும். "அதான் பஸர் இருக்கே" என்று மேனேஜரே சொல்லிவிட்டுப் போவார்.

வாசலில் கொக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆளின் காது மூடி தொங்கும். ஃபிட்டரும் மாட்டுவார். ஆனால் வலது பக்கக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போவார். பேரிங் தேய்கிற சத்தத்தை நெருங்கி நின்று கேட்டே கண்டுபிடிப்பவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"மெஷின் நம்மகிட்ட பேசிட்டே இருக்கு. ரெண்டு காதையும் மூடிக்கிட்டா அது யார்கிட்ட போய்ச் சொல்லும்?" என்பார்.

மைத்துனன் இரண்டு காதையும் சரியாக மூடிக்கொள்வான். அவருடைய மனைவியின் ஒரே தம்பி. அவர்தான் சிபாரிசு செய்து அவனை அங்கே சேர்த்துவிட்டார். "பாருங்கய்யா, புதுப்பொண்ணு முக்காடு போட்டுக்கிட்டு வர்றா" என்று அவனைக் கேலி செய்வார். அவனும் வெட்கப்படுவதுபோல நடித்துக்காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பான்.

அன்று ஃபிட்டர் சும்மா நின்ற மெஷினின் பெல்ட் மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் அடுத்த மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று யாரோ அவருடைய இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். ஃபிட்டர் மல்லாந்து விழுந்தார். தரையில் எண்ணெய். இழுத்த மைத்துனன் வழுக்கி முன்னால் போனான். தடுமாறி ஊன்றின கை, அதற்குள் சுழல ஆரம்பித்திருந்த பெல்ட்டின்மேல் போயிற்று. பெல்ட் அதை இழுத்துக்கொண்டது. மெஷின் அவன் அலறலையும் சேர்த்து விழுங்கிவிட்டது. அவனுடைய வாய் திறந்திருந்ததை மட்டும்தான் ஃபிட்டர் பார்த்தார்.

வலது கையில் கட்டை விரல்தான் மிஞ்சியது.

மருத்துவமனை அறையில் நான்கு கட்டில்கள். மைத்துனனுடையது ஜன்னலோரம். பகலில் ஃபிட்டரும் இரவில் அவர் மனைவியும் மாறி மாறி இருந்தார்கள். அன்று மதியம் மைத்துனன் தூங்கிக்கொண்டிருந்தான். தலைமாட்டில் ஒரு கம்பியில் மருந்துப் பையும், அதைச் சொட்டுச் சொட்டாக உள்ளே தள்ளுகிற சின்னப் பெட்டியும் இருந்தன. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி ஃபிட்டர் மனத்துக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார். விரலைத் திருப்பித் தா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வலியையாவது குறை என்று கேட்டார்.

வாசலில் வயர்மேன் வந்து நின்றான். கையில் ஒரு பழப்பை.

"எப்படிண்ணே இருக்கான்?"

"இருக்கான். உன் புண்ணியத்துல."

வயர்மேனின் முகம் சுருங்கியது. ஆனால் திரும்பிப் போகவில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன், இரண்டடி வைத்து நின்றுவிட்டான்.

"அண்ணே, கத்துதே."

"யார் கத்தறா?"

"அந்தப் பெட்டி."

ஃபிட்டர் திரும்பிப் பார்த்தார். பெட்டியின் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மைத்துனனின் கையிலிருந்து புறப்பட்ட ரத்தம் குழாயில் பாதி தூரம் ஏறி நின்றது.

எதிர்க் கட்டிலில் கணவனுக்குத் துணையிருந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல் பேசினாள். "நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். அது பாட்டுக்கு உயிர் போறாப்ல கத்துது. இவர் பக்கத்துலயே சிலை மாதிரி உக்காந்திருக்காரு. தூக்கமோ என்னமோன்னு பாத்தா, கண்ணு முழிச்சிருக்கு!"

வயர்மேன் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் குழாயைச் சரிசெய்து பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. எதிர்க் கட்டில் அம்மாள் "அப்பாடா" என்று காதைத் தடவிக்கொண்டாள்.

ஃபிட்டருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. விளக்கு எரிந்தபோது இருந்த அதே அமைதிதான் இப்போதும் இருந்தது.

"சிஸ்டர்," என்றார். "இன்னொரு தடவை அதை அடிக்க விடுங்களேன்."

"என்ன விளையாட்டா? பேஷண்ட் தூங்கறார்."

"ஒரே ஒரு தடவை. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவருடைய முகத்தில் அவள் எதைக் கண்டாளோ, மறுக்கவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தாள். சிவப்பு விளக்கு மின்னியது. ஃபிட்டர் எழுந்து பெட்டியின்மேல் வலது காதை வைத்தார். பிறகு இடது காதை வைத்தார். எதிர்க் கட்டில் அம்மாள் முகத்தைச் சுளித்தாள். தூக்கத்திலேயே மைத்துனனின் புருவம் நெளிந்தது. "போதுமா?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். அதுகூட அவருக்குக் கேட்டது. பெட்டி மட்டும் கல்லாக இருந்தது.

அவர் நிமிர்ந்தபோது வயர்மேன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் புரிந்துவிட்டது. அவனுடைய கண்ணில் அது தெரிந்தது. அவன் பழப்பையை அலமாரிமேல் வைத்தான். "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஸ்டூலில் உட்கார்ந்த ஃபிட்டருக்குச் சோதனைக் கூண்டு நினைவுக்கு வந்தது.

இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் காதுச் சோதனை உண்டு. ஆலையின் மருத்துவ அறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டு இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே ஆலையின் சிஸ்டர் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு சத்தம் கொடுப்பாள். ஒவ்வொரு முறையும் அந்த மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரியும். கூண்டுக்குள் இருப்பவனுக்கு அந்த விளக்கு தெரியாது. சிஸ்டருக்குப் பின்னால், முறைக்காகக் காத்திருப்பவர்கள் உட்காருகிற பெஞ்சு இருக்கிறது. பெஞ்சில் இருப்பவனுக்கு விளக்கு தெரியும். கூண்டில் இருப்பவனுக்குப் பெஞ்சு தெரியும்.

எந்தக் காலத்தில் யார் தொடங்கிவைத்தார்களோ, விளக்கு எரிந்ததும் பெஞ்சில் இருப்பவன் கால் கட்டை விரலைத் தூக்குவான். கூண்டில் இருப்பவன் பொத்தானை அமுக்குவான். "எனக்கு யாருய்யா கால் ஆட்டறது?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் சோதனைக்குப் போவார்கள். காது போனது என்று தெரிந்தால் கம்ப்ரஸர் ஹவுஸிலிருந்து எடுத்துக் குடோனில் போட்டுவிடுவார்கள். "குடோனுக்குப் போய் எலி பிடிக்கவா?" என்பார்கள்.

ஃபிட்டருக்கு வருஷா வருஷம் மைத்துனன்தான் கால் ஆட்டினான். அதை ஏமாற்று என்று அவர் நினைத்ததே இல்லை. அந்த மெஷினில் பாதிச் சத்தம் யாருக்குமே கேட்காது, அதனால்தான் எல்லோரும் கால் ஆட்டிக்கொள்கிறார்கள் என்று மனதார நம்பியிருந்தார்.

மைத்துனன் கண் விழித்தான். தண்ணீர் கேட்டான். கொடுத்துவிட்டு, ஃபிட்டர் அவனுடைய காதருகே குனிந்தார்.

"மாப்ள, உன்னை ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அன்னிக்குப் பஸர் அடிச்சுதா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாப்ள."

"அடிச்சுது மாமா."

"ரெண்டு காதையும் மூடியிருந்தியே. உனக்குக் கேட்டுச்சா?"

"மூடியிருந்தாலும் அது நல்லாக் கேக்கும் மாமா. எல்லாருக்கும் கேக்கும்." திரும்பி அவரைப் பார்த்தான். "அடிக்க ஆரம்பிச்சதும் உங்களைப் பாத்தேன். கையை எடுப்பீங்கன்னு நின்னேன். நீங்க எடுக்கல. அப்பதான் ஓடி வந்தேன்."

"எனக்குக் கேக்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கூண்டுல தெரியும். நான் கால் ஆட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட நீங்க அமுக்கினதில்ல. கட்டச் சத்தம் ரெண்டு மூணைத் தவிர." அவனுடைய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "அக்கா வருத்தப்படுமேன்னு சொல்லல. உங்களைக் குடோனுக்கு அனுப்பிடுவாங்களேன்னு சொல்லல. நல்லதுன்னுதான் மாமா செஞ்சேன்."

அவர் அவனுடைய நெற்றியில் கை வைத்தார். அன்பினால் செய்த காரியம்தான். அதுதான் அவன் கையைத் தின்றுவிட்டது. யாரை நொந்துகொள்வது?

"விசாரணையில என்னைக் கேட்டாங்கன்னா," என்றான் மைத்துனன், "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லன்னு சொல்லிடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

மாலையில் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். தாழ்வாரத்து நாற்காலியில் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் தம்பிக்காக அழுவாள், தன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வெகுநேரம் அவருடைய காதையே பார்த்தாள்.

"சமையல்கட்டுலேருந்து கூப்பிடுவேன். திரும்பவே மாட்டீங்க," என்றாள். "இந்த மனுஷனுக்கு என்மேல பிடிப்பு விட்டுப்போச்சுன்னு நினைச்சேங்க. இத்தனை வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அதனாலதான் கூப்பிடறதையே குறைச்சுக்கிட்டேன்."

வீட்டில் தொலைபேசியின் கீச்சு மணியை மகள் ஏன் கட்டையான மத்தளச் சத்தமாக மாற்றி வைத்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"வயர்மேன் வீட்டுல சின்னதா ஒரு குழந்தை இருக்குங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் ஃபிட்டர் காத்திருந்தார். வயர்மேன் மேனேஜரிடம் போயிருப்பான், எந்த நேரமும் ஆள் வரும் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவன் வந்து கழுத்தைப் பிடித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் விட்டுவிட்டதுதான் அவரை உட்காரவிடவில்லை. மனதில் பட்டதை ஆண்டவனிடம் சொல்லிவிட்டு மேனேஜரிடம் போனார்.

மேனேஜர் கேட்டுமுடித்துப் பேனாவை மூடினார்.

"முடியப்போற விஷயத்தை ஏன் கிளறறீங்க? பஸர் ரிப்பேர்னு எழுதியாச்சு. உங்களுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

"வயர்மேனுக்கு?"

மேனேஜர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"பஸர் அடிச்சுது சார். எனக்குத்தான் கேக்கல. ஸ்விட்சை இறக்காம கை வச்சதும் நான்தான். அதுக்கெல்லாம் இறக்க வேண்டாம்னு நீங்க சொன்னதும் உண்மை. கூண்டுல கால் ஆட்டினதும் உண்மை. எதை வேணாலும் எழுதுங்க. அந்தப் பையனை மட்டும் உள்ள கூப்பிடுங்க."

"கால் ஆட்டற விஷயம் வெளிய வந்தா மொத்தப் பேரையும் மறுபடி டெஸ்ட் பண்ணணும். உங்க ஆளுங்களே உங்களைச் சும்மா விடமாட்டாங்க."

அது சரியாகத்தான் இருந்தது. செய்தி பரவிய அன்று கம்ப்ரஸர் ஹவுஸ் வாசலில் அவருக்கு வழிவிட யாரும் நகரவில்லை. "தன் பாவத்தைக் கழுவ எங்க சட்டியில கை விட்டுட்டான்" என்று ஒருவன் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னான். "இப்ப இது மட்டும் நல்லாக் கேக்குமே!" என்றான் இன்னொருவன். யாரோ சிரித்தார்கள். அது அவருக்கு நன்றாகவே கேட்டது. அவருடைய கொக்கியிலிருந்து காது மூடியை யாரோ கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். குனிந்து எடுத்து, தூசியைத் துடைத்து, திரும்பக் கொக்கியிலேயே மாட்டினார். குடோனுக்குப் போகப்போகிறவருக்கு இனி அது வேண்டியதில்லை.

வயர்மேனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவன் வந்த முதல் நாளே ஒவ்வொரு பஸருக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்பு விளக்கை மாட்டினான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. ஏணிக்குக் கீழே போய் ஃபிட்டர் நின்றார்.

"ஏன் தம்பி நீ சொல்லல?"

வயர்மேன் வாயிலிருந்த திருகாணியை எடுத்தான். அவர் தன் வாயைப் பார்க்கும்படி குனிந்துகொண்டான்.

"சொல்லலாம்னுதான் கேட் வரைக்கும் வந்தேண்ணே. அந்தப் பெட்டிமேல காதை வச்சுக்கிட்டு நின்னீங்களே, அந்த முகம் ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் போயிட்டேன். வீட்டுல செம திட்டு."

"உனக்கு என்னைத் திட்டத் தோணலயா?"

"தோணாம? ஏணியைப் பிடிங்கண்ணே, ஆடுது."

ஃபிட்டர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மறுசோதனைக்கு அவரைத்தான் முதலில் அழைத்தார்கள். அதே மருத்துவ அறை, அதே கூண்டு. பெஞ்சில் மைத்துனன் மட்டும் உட்கார்ந்திருந்தான். கையில் புதுக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்திருந்தான். மற்றவர்கள் ஃபிட்டரோடு ஒரே பெஞ்சில் உட்கார மனமில்லாமல் வெளியே நின்றார்கள்.

"முன்கூட்டியே சொல்லிடறேன்," என்றாள் சிஸ்டர், ஹெட்ஃபோனை அவருடைய காதில் பொருத்தும்போது. "கூர்மையான சத்தம்தான் முதல்ல போகும். போனது போனதுதான். மருந்து கிடையாது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான். ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா..." அவருடைய தோளைத் தட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

ஃபிட்டர் பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டார். இவ்வளவு வருஷப் பழக்கம், கண் தானாகவே பெஞ்சுக்குப் போயிற்று. மைத்துனன் அவரைப் பார்த்தான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தான். அவன் மெதுவாக இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து, பெஞ்சுக்கு அடியில், அவருக்குத் தெரியாத இடத்தில் வைத்துக்கொண்டான்.

ஃபிட்டர் கண்களை மூடிக்கொண்டார்.

சிஸ்டர் சோதனையைத் தொடங்கியிருப்பாள். பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருக்கும். கூண்டுக்குள் ஒன்றும் வரவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. இந்த ஒன்றுமில்லாததுதான் தன்னுடையது என்று அவர் தெரிந்துகொண்டார். பஸர், பெட்டி, சமையல்கட்டிலிருந்து வந்த குரல், எல்லாம் இதற்குள்தான் விழுந்து மறைந்தன. விரல் பொத்தானைத் தேடித் துடித்தது. அமுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, தூரத்தில் எங்கோ ஒரு லாரி மேடேறுவதுபோலக் கட்டையான ஒரு சத்தம் வந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. அது நிஜம்தானா என்று ஒரு கணம் காத்திருந்தார். பிறகு பொத்தானை அமுக்கினார்.